வியாழனோடு வழி நடக்கும் சிறுகோள்கள்



சூரிய மண்டலப் பாடம் நடத்தும்போது புளூட்டோவை ஏன் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று விளக்குவோம். 2006 ஆகஸ்டு 24-ஆம் நாள் பிராக் நகரில் அனைத்துலக வானியல் ஒன்றியம் வகுத்த மூன்று நிபந்தனைகளைப் பலகையில் எழுதுவோம். ஒன்று, சூரியனைச் சுற்ற வேண்டும். இரண்டு, தன் சொந்த ஈர்ப்பால் உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை வேண்டும். மூன்று, தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் தவறிவிட்டது என்று சொல்லி முடிப்போம்.

அப்போது கொஞ்சம் வாசிப்புப் பழக்கம் உள்ள மாணவர் ஒருவர் கை தூக்குவார். "டீச்சர், வியாழனோட பாதையிலேயே ஆயிரக்கணக்கான சிறுகோள் இருக்குன்னு படிச்சேன். அப்போ வியாழன் மட்டும் எப்படிக் கோள் ஆச்சு?"

"அதெல்லாம் சோதனையில வராது, உட்காருப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் அப்படிச் சொன்னால், பெரிய கோளுக்கு ஒரு சட்டம், சின்னதுக்கு ஒரு சட்டம் என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அறிவியலில் நம்பிக்கை குறைவது இப்படிப்பட்ட இடங்களில்தான். இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை இருக்கிறது. படிவம் இரண்டில் வரும் சிறுகோள் பாடத்தையும் படிவம் நான்கு இயற்பியலில் வரும் ஈர்ப்புப் பாடத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. எங்கே இருக்கின்றன?

பாடநூல் படங்களில் சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு வளையமாக இருக்கும். அது சிறுகோள் பட்டை. பெரும்பாலான சிறுகோள்கள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் 'எல்லாச் சிறுகோள்களும் அங்கேதான்' என்று எழுதினால் தவறு. பூமிக்கு அருகே வந்து போகும் சிறுகோள்களும் உண்டு. வியாழன் செல்லும் அதே பாதையில் செல்லும் சிறுகோள்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் டிரோஜன் சிறுகோள்கள் என்று பெயர். (டிரோஜன் என்றதும் மாணவர்களுக்குக் கணினி நச்சுநிரல்தான் நினைவுக்கு வரும். இரண்டு பெயருக்கும் மூலம் ஒன்றே. அதைப் பின்னர் பார்ப்போம்.)

வியாழன் சூரியனிலிருந்து ஏறக்குறைய 78 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை 1 வானியல் அலகு என்று வைத்துக்கொண்டால் இது 5.2 அலகு. ஒரு சுற்றுக்கு 11.86 ஆண்டு ஆகிறது. டிரோஜன் சிறுகோள்களும் அதே பாதையில், சராசரியாக அதே வேகத்தில், நொடிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் என்று போகின்றன. ஒரு கூட்டம் வியாழனுக்கு 60 பாகை முன்னே போகிறது. மற்றொரு கூட்டம் 60 பாகை பின்னே வருகிறது. முன்னே போகும் இடத்தை எல்4 என்றும், பின்னே வரும் இடத்தை எல்5 என்றும் குறிப்பார்கள்.

இதுவரை 10,000-க்கும் மேற்பட்ட டிரோஜன்கள் கண்டறியப்பட்டுள்ளன. முன்னே போகும் கூட்டத்தில்தான் எண்ணிக்கை அதிகம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவு உள்ளவற்றை மட்டும் எடுத்தாலே பத்து லட்சம் வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. இவற்றில் மிகப் பெரியது ஹெக்டர். அதன் சராசரிக் குறுக்களவு 200 கிலோமீட்டருக்கும் மேல்.

இங்கே மாணவர்கள் இரண்டு தவறு செய்வார்கள். முதலாவது, வியாழனை ஒட்டியே இந்தக் கற்கள் பறப்பதாக நினைப்பது. உண்மையில் 60 பாகை என்பது பெரிய இடைவெளி. சூரியன், வியாழன், எல்4 மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் சமபக்க முக்கோணம் வரும். அதாவது, டிரோஜன் கூட்டத்தின் மையத்துக்கும் வியாழனுக்கும் உள்ள தொலைவும் அதே 78 கோடி கிலோமீட்டர்தான். நமக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல ஐந்து மடங்கு! இரண்டாவது, டிரோஜன்களை வியாழனின் துணைக்கோள்கள் என்று எழுதுவது. அவை வியாழனைச் சுற்றவில்லை. சூரியனைத்தான் சுற்றுகின்றன.

2. முதலில் கணக்கு, அப்புறம்தான் கல்

இந்தக் கதையில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய அழகான செய்தி ஒன்று உண்டு. இந்தச் சிறுகோள்களை யாரும் பார்ப்பதற்கு முன்பே அவற்றுக்கான இடம் காகிதத்தில் தயாராக இருந்தது.

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அவை எப்படி நகரும் என்பதை நியூட்டன் தீர்த்துவிட்டார். மூன்றாவது பொருள் ஒன்று உள்ளே வந்தால் கணக்கு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அந்த முடிச்சை எல்லா நிலைகளுக்கும் பொதுவாக அவிழ்க்க எளிய சூத்திரம் கிடையாது. ஆனால் சில தனிப்பட்ட அமைப்புகளில் மூன்று பொருள்களும் உருமாறாத அமைப்பாகச் சேர்ந்து சுழல முடியும் என்று கணித மேதைகள் கண்டார்கள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையும் தீர்வுகளை லெனார்டு ஆய்லர் கண்டார். அவைதான் எல்1, எல்2, எல்3. மூன்றும் சமபக்க முக்கோணமாக அமையும் தீர்வை 1772-இல் ஜோசப் லூயி லக்ராஞ்சு கொடுத்தார். அந்தக் கட்டுரைக்குப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசும் கிடைத்தது. அவர் பெயரால்தான் இந்த ஐந்து இடங்களையும் லக்ராஞ்சுப் புள்ளிகள் என்கிறோம்.

அந்தத் தீர்வு நெடுங்காலம் அழகான கணக்காகவே இருந்தது. வானத்தில் அதற்கு உதாரணம் எதுவும் தெரியவில்லை.

1906 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வகத்தில் மேக்ஸ் வுல்ஃப் என்ற வானியலாளர் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். சிறுகோள் தேடலில் ஒளிப்படத்தைப் பயன்படுத்திய முன்னோடி அவர். தொலைநோக்கி நட்சத்திரங்களைத் தொடர்ந்து நகரும்போது, நீண்டநேரம் திறந்து வைத்த படத்தகட்டில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழும். சிறுகோள் மட்டும் சிறு கோடாக விழும். இந்தப் புதிய சிறுகோளோ வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. அப்படியானால் அது பட்டையைவிடத் தொலைவில் இருக்க வேண்டும். பாதையைக் கணித்தபோது அது வியாழனின் தொலைவிலேயே சுற்றுவது தெரிந்தது. லக்ராஞ்சு சொன்ன முக்கோணப் புள்ளிக்கு அருகில்தான் இது இருக்கிறது என்பதை சுவீடன் நாட்டு வானியலாளர் கார்ல் சார்லியர் எடுத்துக்காட்டினார். கணக்குக்கும் கல்லுக்கும் இடையே 134 ஆண்டு. லக்ராஞ்சு அதைப் பார்க்க இல்லை. அவர் 1813-லேயே இறந்துவிட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் அதே ஹைடல்பெர்க்கில் ஆகஸ்ட் கோப்ஃப் பின்னே வரும் கூட்டத்தில் ஒன்றைக் கண்டார். 1907 பிப்ரவரியில் முன்னே போகும் கூட்டத்தில் இன்னொன்றைக் கண்டார். இது தற்செயல் இல்லை, ஒரு குடும்பமே இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

3. பெயர் வந்த கதை

இவற்றுக்கு டிராய் போரின் வீரர்கள் பெயரை வைக்கலாம் என்று வியன்னா வானியலாளர் யோகான் பலிசா யோசனை சொன்னார். முதலாவது அக்கிலீஸ், இரண்டாவது பெட்ரோக்லஸ், மூன்றாவது ஹெக்டர். ஹோமரின் இலியட் காவியத்தில் அக்கிலீஸும் பெட்ரோக்லசும் கிரேக்கர் பக்கம். ஹெக்டர் டிராய் நகரத்து இளவரசன். டிராய் நகரத்தார்தான் டிரோஜன்கள். அந்த நகருக்குள் மரக்குதிரை வழியாகப் பகைவர் நுழைந்த கதையிலிருந்துதான் கணினி நச்சுநிரலுக்கும் அந்தப் பெயர் வந்தது.

பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. எல்4-இல் இருப்பவற்றுக்குக் கிரேக்க வீரர் பெயர், எல்5-இல் இருப்பவற்றுக்கு டிராய் வீரர் பெயர். ஆனால் இந்த ஒழுங்கு வருவதற்குள் இரண்டு பெயர்கள் மாறி உட்கார்ந்துவிட்டன. டிராய் வீரன் ஹெக்டர் கிரேக்க முகாமில் இருக்கிறான். கிரேக்கன் பெட்ரோக்லஸ் டிராய் முகாமில் இருக்கிறான். பாண்டவர் பாசறையில் துரியோதனன் உட்கார்ந்திருப்பதுபோல என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். பெயரை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

4. ஏன் சரியாக 60 பாகை?

இதுதான் பாடத்தின் உயிர்ப்பகுதி. படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இதைத் திசையன் வரைந்தே புரிந்துகொள்ளலாம்.

எல்4-இல் ஒரு கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சூரியனும் இழுக்கிறது, வியாழனும் இழுக்கிறது. சமபக்க முக்கோணம் என்பதால் இரண்டுக்கும் தொலைவு ஒன்றே. ஆகவே நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி, இழுவிசைகள் இரண்டும் அவற்றின் நிறை விகிதத்திலேயே அமையும். சூரியனின் நிறை வியாழனைப்போல ஏறக்குறைய 1,047 மடங்கு. எனவே சூரியனின் இழுப்பு 1,047 பங்கு, வியாழனின் இழுப்பு 1 பங்கு.

இந்த இரண்டு விசையையும் சேர்த்தால் தொகுவிசை எங்கே நோக்கும்? சூரியனின் மையத்தை நோக்காது. சூரியனையும் வியாழனையும் இணைக்கும் கோட்டை 1 : 1,047 என்று பிரிக்கும் ஒரு புள்ளியை நோக்கும். அந்தப் புள்ளி எது? அதுதான் இரண்டின் பொது நிறைமையம்! சூரியனும் வியாழனும் உண்மையில் அந்தப் பொது மையத்தைத்தான் சுற்றுகின்றன. (அது சூரியனின் மையத்திலிருந்து ஏறக்குறைய 7,40,000 கிலோமீட்டர் தள்ளி, சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே இருக்கிறது.) ஆகவே எல்4-இல் உள்ள கல்லும் அதே மையத்தை நோக்கி, அதே சுற்றுக்காலத்துக்குப் பொருந்தும் அளவு விசையோடு இழுக்கப்படுகிறது. மூன்றும் ஒரே முக்கோணமாகச் சேர்ந்து சுழல்கின்றன.

கல்லின் நிறை என்ன என்று நாம் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? சிறிய கல்லோ 200 கிலோமீட்டர் மலையோ, முடுக்கம் ஒன்றே. விழும் பொருளின் முடுக்கம் அதன் நிறையைப் பொறுத்ததில்லை என்று படிவம் நான்கில் படிப்பதும் இதே விதிதான்.

5. கொஞ்சம் நகர்ந்துவிட்டால்?

சமநிலை இருந்தால் மட்டும் போதாது. ஊசியை முனையில் நிறுத்துவதும் சமநிலைதான். ஒரு மூச்சுக் காற்று பட்டால் விழுந்துவிடும். எல்1, எல்2, எல்3 மூன்றும் அப்படிப்பட்டவை. எல்4, எல்5 அப்படியில்லை. தள்ளினாலும் கல் அந்தப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஏன்?

எல்4 கூட்டத்தில் ஒரு கல் வியாழனை நோக்கிக் கொஞ்சம் பின்தங்கிவிட்டது என்று கொள்வோம். வியாழன் அதற்குப் பின்னால் இருக்கிறது. எனவே வியாழன் அதைப் பின்னோக்கி இழுக்கிறது. "அப்போ அது இன்னும் பின்னால போய் வியாழன்ல விழுந்துடுமே, சார்?" என்று மாணவர் கேட்பார். கேட்க வேண்டும்! இங்கேதான் கெப்ளர் உதவிக்கு வருகிறார். பின்னோக்கி இழுக்கப்பட்ட கல் ஆற்றலை இழக்கிறது. ஆற்றல் குறைந்தால் அது சூரியனுக்குச் சற்று நெருக்கமான பாதைக்கு இறங்குகிறது. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சிறிய பாதையில் சுற்றுக்காலம் குறைவு. ஆகவே கல் வியாழனைவிட விரைவாகச் சுற்றி, முன்னே தள்ளிப் போய்விடுகிறது. பின்னால் இழுத்தது, ஆனால் முன்னால் போகிறது!

60 பாகையைத் தாண்டி அதிகம் முன்னே போனால் கதை தலைகீழ். அப்போது வியாழனின் நேரடி இழுப்பு பலவீனமாகிவிடுகிறது. பொது மையம் சூரியனிலிருந்து விலகியிருப்பதன் விளைவு மேலோங்கி, கல் ஆற்றலைப் பெறுகிறது. பாதை பெரிதாகிறது, வேகம் குறைகிறது, வியாழன் மெல்ல நெருங்கி வருகிறது. இப்படி முன்னும் பின்னுமாக ஊஞ்சல் ஆடியபடியே கல் சூரியனைச் சுற்றுகிறது. ஆகவே 60 பாகை என்பது கூட்டத்தின் நடு இடம்தான். ஒவ்வொரு கல்லும் பல பாகை இப்பாலும் அப்பாலும் போய் வரும்.

ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 150 ஆண்டு ஆகும். வியாழனின் இழுப்பு சூரியனின் இழுப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால்தான் இந்த நிதானம். அக்கிலீஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1906-இல். அதன் ஒரு முழு ஆட்டத்தை மனிதர்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

இதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. நடுவில் உள்ள பெரிய பொருளின் நிறை, அதைச் சுற்றும் பொருளைப்போலக் குறைந்தது 25 மடங்கு அளவுக்கு இருக்க வேண்டும். சூரியன், வியாழன் இணைக்கு இது 1,047 என்பதால் கவலையே இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: 'குழியில் உருளும் கோலி' என்ற ஒப்புமையைச் சிலர் பயன்படுத்துவார்கள். தொடக்கத்துக்கு வசதியானதுதான். ஆனால் எல்4 உண்மையில் ஒரு குழி இல்லை. கல்லை அங்கே தக்க வைப்பது அது ஓடிக்கொண்டிருப்பதுதான். மேல்படிவ மாணவர்களுக்குக் கெப்ளர் வழியிலான விளக்கமே பாதுகாப்பானது.

6. மற்ற புள்ளிகள், மற்ற கோள்கள்

லக்ராஞ்சுப் புள்ளி என்ற சொல்லை மாணவர்கள் செய்தியில் கேட்டிருப்பார்கள். இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு 2024 ஜனவரி 6 அன்று சூரியன், பூமி இணையின் எல்1 பகுதியை அடைந்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எல்2 பகுதியில் இருக்கிறது. இரண்டும் பூமியிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர். இவை நிலையற்ற புள்ளிகள் என்பதால் விண்கலங்கள் அவ்வப்போது எரிபொருள் செலவிட்டுத் தங்கள் நிலையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எல்4, எல்5-இல் உள்ள கற்களுக்கு எந்த எரிபொருளும் வேண்டாம். கோடிக்கணக்கான ஆண்டு அங்கேயே இருக்கும். மாணவர்களுக்கு நல்ல ஒப்பீட்டு வினா இது.

டிரோஜன்கள் வியாழனுக்கு மட்டும் சொந்தம் இல்லை. செவ்வாய்க்கு உண்டு. 1990-இல் கண்ட யுரேக்கா அதில் முதலாவது. நெப்டியூனுக்கு 2001 முதல் பல தெரியவந்துள்ளன. நம் பூமிக்கும் இரண்டு தெரிந்துள்ளன. 2010 டிகே7 என்பது ஏறக்குறைய 300 மீட்டர் குறுக்களவு கொண்டது. 2020 எக்ஸ்எல்5 ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இரண்டும் பூமிக்கு முன்னே போகும் எல்4 பக்கத்தில் இருப்பவை. ஆனால் நிரந்தரக் குடிகள் இல்லை, காலப்போக்கில் விலகிவிடுபவை. சனியின் துணைக்கோள்களிலும் இதே அமைப்பு உண்டு. டெத்திஸ் என்ற நிலாவின் பாதையில் 60 பாகை முன்னே டெலஸ்டோவும் 60 பாகை பின்னே கலிப்சோவும் செல்கின்றன.

7. எங்கிருந்து வந்தன? லூசி ஏன் போகிறது?

டிரோஜன்கள் மிகவும் இருண்டவை. விழும் ஒளியில் இருபதில் ஒரு பங்கு அளவைத்தான் திருப்பி அனுப்புகின்றன. பல செந்நிறச் சாயல் கொண்டவை, சில சாம்பல் நிறம். எல்லாம் ஒரே இடத்தில் பிறந்திருந்தால் ஏன் இவ்வளவு வேறுபாடு? சூரிய மண்டலத்தின் இளம் பருவத்தில் பெரிய கோள்களின் பாதைகள் இடம்பெயர்ந்தன. அந்தக் கலவரத்தில் தொலைவில் இருந்த கற்கள் சிதறி, சில வியாழனின் இரு புள்ளிகளிலும் சிக்கிக்கொண்டன என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. அது சரியென்றால், டிரோஜன்கள் கோள்கள் உருவான காலத்தின் பாதுகாக்கப்பட்ட மிச்சங்கள்.

அதைச் சோதிக்கத்தான் நாசாவின் லூசி விண்கலம் 2021 அக்டோபர் 16 அன்று புறப்பட்டது. எத்தியோப்பியாவில் 1974-இல் கிடைத்த, மனித குல மூதாதையரின் புகழ்பெற்ற புதைபடிவத்தின் பெயர்தான் லூசி. மனிதனின் தோற்றத்துக்கு அந்த எலும்புகள் போல, கோள்களின் தோற்றத்துக்கு இந்தக் கற்கள். வழியில் பட்டையில் உள்ள டின்கினேஷ் என்ற சிறுகோளை 2023 நவம்பரில் கடந்தபோது அதற்கு ஒரு சிறு நிலா இருப்பது தெரிந்தது. அந்த நிலாவே ஒட்டிக்கொண்ட இரண்டு கற்கள்! 2025 ஏப்ரலில் டோனல்ட்ஜோகன்சன் சிறுகோளைக் கடந்தது. முதல் டிரோஜனான யூரிபேட்டஸை 2027 ஆகஸ்டில் நெருங்கும். எல்4 கூட்டத்தை முடித்துவிட்டு, 2033-இல் எல்5-இல் உள்ள பெட்ரோக்லஸ், மெனோடியஸ் இரட்டையரை அடைவது திட்டம். இன்று படிவம் இரண்டில் இருக்கும் மாணவர் எஸ்.பி.எம். எழுதும் பருவத்துக்குள் டிரோஜன்களின் முதல் அருகாமைப் படங்கள் வந்துவிடும்.

8. இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு விடை

'துப்புரவு' என்ற சொல்தான் குழப்பத்துக்குக் காரணம். பாதையில் ஒரு கல்கூட இருக்கக் கூடாது என்பது அதன் பொருள் இல்லை. தன் பாதைப் பகுதியில் யார் ஆட்சி நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கோள் தன் வட்டாரத்தில் உள்ள கற்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், அல்லது தூக்கி எறியும், அல்லது தன் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்ட பாதையில் நடக்க வைக்கும். டிரோஜன்கள் மூன்றாம் வகை. அவை வியாழன் கூட்ட மறந்த குப்பை இல்லை. எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் ஆடலாம் என்பதை வியாழனே முடிவு செய்கிறது. வியாழனை எடுத்துவிட்டால் 60 பாகை என்ற கணக்கே இருக்காது.

அளவையும் பாருங்கள். எல்லா டிரோஜன்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் பூமியின் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். வியாழனோ பூமியைப்போல 318 மடங்கு. முப்பது லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதம்!

புளூட்டோவின் நிலை வேறு. அது நெப்டியூனின் பாதையைக் குறுக்கே கடக்கிறது. ஆனால் நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும்போது புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. அந்தத் தாளத்தால் இரண்டும் ஒருபோதும் நெருங்குவதில்லை. தாளம் போடுவது நெப்டியூன், ஆடுவது புளூட்டோ. தன் வட்டாரத்தில் புளூட்டோவால் அப்படி யாரையும் ஆட்ட முடியவில்லை. ஆக, சட்டம் ஒன்றுதான். வியாழனுக்கும் புளூட்டோவுக்கும் ஒரே அளவுகோல்தான்.

9. வகுப்பறை நடவடிக்கை

தேவையானவை: 5.2 மீட்டர் நீளக் கயிறு மூன்று, பெரிய பாகைமானி, திடல்.

ஒரு மீட்டரை ஒரு வானியல் அலகாகக் கொள்க. சூரியனாக ஒரு மாணவர் நடுவில் நிற்கட்டும். வியாழனாக ஒருவரும், எல்4 சிறுகோளாக ஒருவரும் கயிறுகளைப் பிடித்து முக்கோணம் அமைக்கட்டும். மூன்று கயிறும் தொய்யாமல் வியாழனும் சிறுகோளும் இடச்சுற்றாக நடக்க வேண்டும். முக்கோணம் உருமாறாமல் சுழல்வதை எல்லாரும் பார்ப்பார்கள். பூமியாக ஒருவர் சூரியனிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நடக்கட்டும். வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி கிட்டத்தட்ட 12 சுற்று முடிக்க வேண்டும். சிரிப்பும் மூச்சிரைப்பும் உறுதி.

பிறகு சூரியன், பூமி, வியாழன் மூன்றும் நேர்கோட்டில் வரும்போது எல்லாரும் நிற்கட்டும். பூமி மாணவர் ஒரு கையால் வியாழனையும் மறு கையால் எல்4-ஐயும் காட்டட்டும். இடைக்கோணத்தை அளந்தால் 60 வராது, ஏறக்குறைய 70 பாகை வரும். ஏனென்றால் 60 பாகை என்பது சூரியனிலிருந்து பார்க்கும் கோணம். இந்த நேர்கோட்டு நிலை ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒருமுறை வரும். அன்று வியாழன் மாலையில் கிழக்கே உதிக்கும்போது எல்5 பகுதி ஏற்கனவே வானில் உயரத்தில் இருக்கும். எல்4 பகுதி உதிக்க நள்ளிரவு ஆகும். பாதையில் முன்னே போவது வானத்தில் பின்னால் உதிக்கிறது! ஏன் என்று மாணவர்களே யோசிக்கட்டும். (கோள்கள் நட்சத்திரப் பின்னணியில் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால், முன்னே இருப்பது கிழக்கே இருக்கும். கிழக்கே இருப்பது தாமதமாக உதிக்கும்.) டிரோஜன்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியா. ஆனால் வியாழனைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையில் ஒரு முட்டி சுமார் 10 பாகை என்ற கணக்கில் ஏழு முட்டி தள்ளி அவை இருக்கும் இடத்தைக் காட்ட முடியும்.

10. பயிற்சி வினாக்கள்

வினா 1. டிரோஜன் சிறுகோள் என்றால் என்ன?
விடைக்குறிப்பு: ஒரு கோளின் சுற்றுப்பாதையைப் பகிர்ந்துகொண்டு, அதற்கு ஏறக்குறைய 60 பாகை முன்னே அல்லது பின்னே உள்ள புள்ளியை ஒட்டிச் சூரியனைச் சுற்றும் சிறுகோள். 'சூரியனைச் சுற்றும்' என்பதை விட்டுவிடாதீர்கள்.

வினா 2. வியாழனின் தொலைவு 5.2 வானியல் அலகு. டிரோஜன்களின் சுற்றுக்காலத்தைக் கணக்கிடுக.
விடைக்குறிப்பு: கெப்ளரின் மூன்றாம் விதி. 5.2-இன் மும்மடி 140.6. அதன் இருமடி மூலம் ஏறக்குறைய 11.86 ஆண்டு.

வினா 3. லூசி விண்கலத்துக்கு மிகப் பெரிய சூரியத் தகடுகள் ஏன் தேவைப்பட்டன?
விடைக்குறிப்பு: ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம். 5.2-இன் இருமடி 27. ஆகவே அங்கே சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் 27-இல் ஒரு பங்குதான்.

வினா 4. எல்4-இல் உள்ள சிறுகோளை வியாழன் பின்னோக்கி இழுத்தாலும் அது வியாழனில் சென்று விழுவதில்லை. ஏன்?
விடைக்குறிப்பு: ஆற்றல் இழப்பு, சிறிய பாதை, குறைந்த சுற்றுக்காலம், முன்னே நகர்தல். நான்கு படியும் வரிசையாக வர வேண்டும்.

வினா 5. (உயர்நிலைச் சிந்தனை) 'வியாழனின் பாதையில் சிறுகோள்கள் இருப்பதால் வியாழனும் கோள் ஆகாது.' இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் தருக.
விடைக்குறிப்பு: ஏற்கவில்லை. துப்புரவு என்பதன் பொருள், டிரோஜன்கள் வியாழனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டிருத்தல், நிறை விகிதம். இம்மூன்றும் இருந்தால் முழுமையான விடை.

ஐந்தாம் வினாவை முதலில் மாணவர்களையே விவாதிக்க விடுங்கள். 'ஏற்கிறேன்' என்று ஒரு குழு வாதாடினால் தடுக்க வேண்டாம். அவர்கள் வைக்கும் காரணத்தைப் பலகையில் எழுதி, நான்காம் வினாவின் விடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தவறு எந்தப் படியில் நுழைந்தது என்பதை அவர்களே காட்டிவிடுவார்கள்.